மலைமேல் முதற்பாடம்

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு, புதிய ஊரொன்றில் முதன்முதலாகக் கால் வைக்கும் நாள் எத்தகையது என்பதை எவரும் சொல்ல வேண்டுவதில்லை. பேச்சு புதிது, உணவு புதிது, குளிர் புதிது. கடைக்காரர் சொல்லும் விலையும் பாதி விளங்கும், பாதி விளங்காது. மாதுங்காவிலோ கரோல் பாக்கிலோ குடியேறிய முதல் தலைமுறையினர் அந்நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பொழுது போவதே தெரியாது.

ஆண்டுதோறும் நம் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் சில நூறு இளைஞர்கள், ஆணும் பெண்ணுமாக, இத்தகைய நாளை ஒரே மலையில் ஒன்றுகூடி எதிர்கொள்கின்றனர். அவர்கள் அரசுப் பணிக்குப் புதிதாகத் தேர்வு பெற்றவர்கள். அவர்கள் சென்று சேருமிடம் உத்தராகண்ட் மாநிலத்தின் முசௌரி நகரிலுள்ள லால் பகதூர் சாஸ்திரி தேசிய நிர்வாக அகாடமி. அங்கு அவர்கள் பெறும் முதற்பாடம் யாது, அப்பாடத்திற்கும் நமக்கும் உள்ள தொடர்பு யாது என்பவற்றை இன்று சிறிது சிந்திப்போம்.

டேராடூன் வரை ரயில் உண்டு. 1900ஆம் ஆண்டிலேயே அங்கு இருப்புப்பாதை சென்றுவிட்டது. அதற்கு மேல் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை. கடல்மட்டத்திற்குச் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் முசௌரி அமைந்திருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் மழைக்காலம் முடியும் தறுவாயில் வந்து சேர்கின்றனர். அப்போது மலையை மூடுபனி போர்த்தியிருக்கும். தேவதாருவும் கருவாலியும் மழைநீர் சொட்ட நிற்கும். மேகம் விலகினால் தெற்கே டூன் பள்ளத்தாக்கு விரிந்து கிடப்பதும், வடக்கே பனிச்சிகரங்கள் வரிசையாய் நிற்பதும் தெரியும். இராமநாதபுரத்து வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு இக்காட்சி மகிழ்ச்சியையும் அச்சத்தையும் ஒருங்கே தரும் என்பதில் ஐயமில்லை.

அகாடமியின் வரலாறு சுவையானது. நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பே, தில்லியில் யமுனைக் கரையை ஒட்டிய மெட்காப் மாளிகையில் இந்திய ஆட்சிப் பணியினருக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. சிம்லாவில் மற்றொரு பயிற்சிக் கல்லூரி இருந்தது. இவ்விரண்டும் இணைந்து, 1959ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று முசௌரியில் ஒரே நிறுவனமாயின. வெள்ளையர் கோடைக்காலத்தில் தங்கி இளைப்பாறிய சார்ல்வில் என்னும் பெரிய விடுதியே அதன் இருப்பிடமாயிற்று. ஆள்வோர் ஓய்வு கொண்ட இடத்தில் மக்கட்பணிக்கான உழைப்பைக் கற்பிக்கலாயினர்.

அதே 1959ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில், திபெத்திலிருந்து வெளியேறிய தலாய் லாமா முசௌரிக்கு வந்து, மறு ஆண்டு தர்மசாலைக்குச் செல்லும் வரை அங்கே தங்கினார். அவரைப் பின்பற்றி வந்த திபெத்தியர் பலர் ஹாப்பி வேலி எனப்படும் பகுதியில் குடியமர்ந்தனர். அகாடமியும் அப்பகுதியிலேதான் உள்ளது. ஆட்சிப் பொறுப்பை ஏற்க வந்தவரும், வீடிழந்து புகலிடம் தேடி வந்தவரும் ஒரே மலைச்சரிவில் அண்டை வீட்டாராயினர். எவருக்காக அரசு இருக்கிறது என்னும் கேள்விக்கு விடை காண, பயிற்சி பெறுவோர் வெகுதொலைவு நடக்க வேண்டியதில்லை.

இனி, வந்து சேரும் இளைஞரின் மனநிலையை நோக்குவோம். அண்மைக்கால ஆண்டுகளில் குடிமைப்பணித் தேர்வுக்கு விண்ணப்பிப்போர் தொகை பத்து லட்சத்தை ஒட்டி இருக்கிறது. இறுதியில் தேர்வு பெறுவோரோ ஆயிரத்தை ஒட்டியவரே. ஆதலின் தேர்வு பெற்றவரை ஊரே கொண்டாடுகிறது. மாலை, வாழ்த்துச் சுவரொட்டி, பள்ளியில் பாராட்டுக் கூட்டம், இனிப்பு, இவையெல்லாம் முடிந்த பிறகே அவர் பெட்டியைக் கட்டுகிறார். மலைமேல் வந்து சான்றிதழ்களைக் காட்டிப் பதிவு செய்துகொண்டு, விடுதியில் தம் கட்டிலைத் தேடும்போதுதான், சுற்றியுள்ள ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் அவ்வாறே கொண்டாடப் பெற்றவர் என்பது அவருக்குப் புலனாகிறது. ஊரில் ஒருவராய்த் திகழ்ந்தவர் இங்கே பலருள் ஒருவர். விடுதிகளுக்கு நம் நாட்டு ஆறுகளின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். கங்கை, நருமதை, மகாநதி ஆகியவற்றோடு காவேரியும் அங்கே உண்டு. தமிழ்ப் பிள்ளைக்கு முதல்நாள் ஆறுதல் அப்பெயர்ப்பலகையிலிருந்தே கிடைக்கக் கூடும்.

ஆறுதல் வேண்டியிருப்பது மொழியை முன்னிட்டுத்தான். குடிமைப்பணி முதன்மைத் தேர்வை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளில் எழுதும் உரிமை 1979ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாகத் தமிழ்வழியில் படித்த சிற்றூர்ப் பிள்ளைகளும் அம்மலையேறினர். ஆனால் அங்கு வகுப்பறையில் ஒலிப்பது ஆங்கிலம். உணவுக்கூடத்தில் கலகலப்பது பெரும்பாலும் இந்தி. கரண்டியைப் பிடிக்கும் முறைமுதல் கழுத்துவரை பொத்தானிட்ட மேலங்கியை அணியும் முறைவரை எல்லாம் புதியன. சிரிப்பு எழும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல், தாமும் சிறிது புன்னகைத்து வைக்கும் நிலையை நம்முள் அறியாதவர் யார்?

அந்த நாணமும் அச்சமும் வீண்போவதில்லை. பிற்காலத்தில் அவர் மேசைக்கு முன்னால் ஓர் உழவர் வந்து நிற்பார். சொல்ல வந்ததைச் சொல்ல அஞ்சி, மடித்த மனுவை நீட்டிவிட்டு மௌனமாய் இருப்பார். அந்த மௌனத்தின் பொருளை, மலைமேல் தாமும் ஒருநாள் வாயடைத்து நின்ற அதிகாரியே விரைந்து உணர்வார். புதியவனாய் நிற்பது எத்தகையது என்று அறிவதே அகாடமியின் முதற்பாடம் என்று நாம் கூறுவோம். பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லாமல் இருக்கலாம். ஆயினும் சட்டமும் பொருளாதாரமும் அதற்குப் பின்னரே.

இவ்வுண்மை தொடக்கத்திலேயே உணரப்பட்டிருந்தது. 1947 ஏப்ரல் 21ஆம் நாள் மெட்காப் மாளிகையில் முதல் அணியினரிடையே உரையாற்றிய சர்தார் படேல், முன்னிருந்த அதிகாரிகள் பொதுமக்களிடமிருந்து விலகி நிற்கும் மரபில் வளர்ந்தவர்கள் என்பதை எடுத்துக்காட்டி, எளிய மக்களைத் தம்மவராகக் கருதி நடத்துவதே புதியவர்களின் கடமை என அறிவுறுத்தினார். அந்நாளே இப்பொழுது குடிமைப்பணி நாளாகக் கொண்டாடப் பெறுகிறது.

அகாடமி தாங்கியுள்ள பெயரும் ஒரு பாடமே. 1956 நவம்பரில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் விபத்துக்குள்ளாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது ரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குத் தாமே பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாலத்தைக் கட்டியவர் அவரல்லர். வண்டியை ஓட்டியவரும் அவரல்லர். ஆயினும் தம் துறையின் கீழ் நேர்ந்த துயருக்குத் தாம் விடையிறுக்க வேண்டும் என்று அவர் கருதினார். 1972ஆம் ஆண்டில் அகாடமிக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. தமிழ் மண்ணில் நிகழ்ந்த ஒரு துயரத்தின் நினைவு, அந்த இமயமலைச் சரிவிலும் அவர் பெயரோடு சேர்ந்தே நிற்கிறது.

சில வாரங்கள் நீளும் அடிப்படைப் பயிற்சியில் பல பணியினரும் ஒன்றாய்ப் பயில்கின்றனர். விடியற்காலை உடற்பயிற்சி, பகலில் வகுப்பு, இமயமலைப் பாதைகளில் கூட்டாக நடைப்பயணம், சிற்றூர்களுக்குச் சென்று தங்கல் என நாட்கள் ஓடுகின்றன. மலைப்பாதையில் மூட்டை கனக்கும்போது, எவர் எந்தப் பணிக்குத் தேர்வு பெற்றவர் என்பதை எவரும் எண்ணுவதில்லை. பின்னர் காவல் பணியினர் ஐதராபாத்துக்கும், வருமான வரித்துறையினர் நாகபுரிக்கும், கணக்குத் தணிக்கைத் துறையினர் சிம்லாவுக்கும் பிரிந்து செல்கின்றனர். ஆட்சிப் பணியினர் முசௌரியிலேயே தொடர்ந்து பயின்று, நாட்டைச் சுற்றிப் பார்த்து, அதன்பின் தமக்கு ஒதுக்கப்பட்ட மாநிலத்தில் மாவட்டப் பயிற்சிக்குச் செல்கின்றனர். அம்மாநிலம் பலருக்குத் தாம் பிறந்த மாநிலமாய் இராது. மதுரைப் பெண் அசாமுக்குச் செல்லலாம். பீகார் இளைஞர் திருநெல்வேலிக்கு வரலாம். எங்கே சென்றாலும் அந்நிலத்தின் மொழியைக் கற்றுத் தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்பது விதி.

அயலார் ஒருவரை அனுப்பி ஒரு மாவட்டத்தை நடத்தச் செய்வது முறையா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. உள்ளூர்க் கட்சிகளுக்கும் உறவுகளுக்கும் கட்டுப்படாத ஒருவர் நடுநிலையாய் நிற்க இயலும் என்பது அதற்குரிய விடை. ஆனால் அவ்விடை பாதியளவே செல்லும். மக்களின் மொழியை அறியாதவரின் நடுநிலை, காது கேளாத நீதிபதியின் நடுநிலை போன்றது. மொழிபெயர்ப்பவர் விட்டதே வழக்கு, சேர்த்ததே சான்று என்றாகிவிடும்.

அதிகாரிகளுக்கு மக்கள் மொழியைக் கற்பிப்பது நம் நாட்டில் இன்று தோன்றிய வழக்கமன்று. 1812ஆம் ஆண்டில் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. கப்பலில் வந்திறங்கிய இளம் ஆங்கிலேய அதிகாரிகள் அங்கே தமிழும் தெலுங்கும் பிறவும் பயின்றனர். அதனை உருவாக்கிய எல்லிஸ், தென்னாட்டு மொழிகள் ஒரு தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1816இல் எடுத்துரைத்தவர். எனினும் அக்கல்லூரியை நடத்திய கும்பினிக்கு மொழி, வரி தண்டவும் ஆணை பிறப்பிக்கவும் உதவும் கருவி. குடியரசில் அதே மொழிக்கு வேறு வேலை இருக்கிறது. ஆணையிடுவதற்கு முன் குறையைக் கேட்க வேண்டும். அதற்காகவே கற்க வேண்டும்.

அவ்வாறு அயல் மண்ணைத் தம் மண்ணாக்கிக் கொண்டோர் நம்மிடையே இருந்திருக்கின்றனர். முசௌரி அகாடமி தோன்றுமுன் பணியில் சேர்ந்த இருவரைக் குறிப்பிடலாம். எஸ். ஆர். சங்கரன் தமிழர், ஆந்திரப் பிரதேசத்தில் பணியாற்றினார். கொத்தடிமைகளின் விடுதலைக்காகவும் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளின் கல்விக்காகவும் அவர் ஆற்றிய தொண்டு பெரிது. திரிபுராவின் தலைமைச் செயலாளராகவும் இருந்தார். 2010இல் அவர் மறைந்தபோது, தெலுங்கு நாட்டு ஏழைகள் தம் வீட்டு மூத்தவரை இழந்ததுபோல் வருந்தினர். மற்றொருவர் அன்னா ராஜம். கேரளத்தில் பிறந்த அவர் 1951ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்தவர். இந்திய ஆட்சிப் பணியின் முதற்பெண். சென்னை மாநிலத்தைச் சேர்ந்த அதிகாரியாகி ஓசூரில் சார் ஆட்சியராக விளங்கினார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் ஊர் அது. நம்மவர் அங்கே சென்றார். அங்கிருந்தவர் நம்மிடம் வந்தார். இரு நிலமும் இழந்தது ஒன்றுமில்லை.

அகாடமியில் எல்லாரும் சேர்ந்து பாடும் பாடல் ஒன்றுண்டு. அதன் மூலம் வங்காளத்தில் அதுல் பிரசாத் சென் இயற்றியது. டாக்காவில் பிறந்து, லக்னோவில் வழக்கறிஞராய் வாழ்ந்து, 1934இல் மறைந்தவர் அவர். அவரும் நம்மைப்போல் பிறந்த மண்ணுக்கு வெளியே வாழ்ந்தவரே. அப்பாடலில் வங்காளத்தோடு இந்தி, தமிழ், மராத்தி அடிகளும் சேர்ந்து ஒலிக்கின்றன. தமிழ் அறியாத பஞ்சாபியும் மணிப்பூரியும் அம்மலையில் தமிழடிகளைப் பாடுகின்றனர். உச்சரிப்பு சற்றுப் பிறழலாம். அதனைப் பொறுத்துக்கொள்வது நமக்குக் கடினமா? நம் இந்தியையும் மராத்தியையும் வங்காளத்தையும் அண்டை வீட்டார் எத்தனை ஆண்டுகளாய்ப் பொறுத்துக் கொண்டிருக்கின்றனர்!

நேயர்களே, அரசு அலுவலகத்தின் முன் அயல்மொழியில் மனு எழுதி நின்ற பழக்கம் நமக்கு நிறைய உண்டு. அங்கே ஓர் அதிகாரி பொறுமையாய் நம் தடுமாறும் பேச்சைக் கேட்டாரெனில், அவர் பெயரைப் பல்லாண்டு நினைவில் வைத்திருக்கிறோம். ஆதலின், நம் வீட்டிலிருந்து ஒரு மகனோ மகளோ தேர்வு பெற்று அம்மலைக்குப் புறப்படும் நாள் வருமாயின், கம்பளியும் ஊறுகாயும் கட்டிக் கொடுப்பதோடு நம் கதையையும் சொல்லி அனுப்புவோம். இவ்வூருக்கு வந்த புதிதில் நமக்கு வழி சொன்னவர் யார், கதவை அடைத்தவர் யார், முதல் வார்த்தையைக் கற்றுத் தந்தவர் யார் என்பதை எல்லாம் விளங்கச் சொல்வோம். எந்த மாவட்டத்துக்கு அவர்கள் சென்றாலும், வாயிலில் காத்து நிற்கும் முதல் மனிதரை அவர் மொழியிலேயே ‘உட்காருங்கள்’ என்று அழைக்கட்டும்.