பத்தும் பஃதும்

தாயில்பட்டி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசுக் கட்டுகளை ஒரு வீட்டில் 'பத்து' என்று எண்ணுவார்கள். தெலுங்கு பேசும் வீட்டில் 'பதி' என்பார்கள். கன்னடத்தில் அதுவே 'ஹத்து'. தமிழிலும் கன்னடத்திலும் தகரம் இரட்டிக்கிறது, தெலுங்கில் ஒற்றையாக நிற்கிறது. இவ்வளவு ஏன், தமிழுக்குள்ளேயே பத்து என்கிறோம், இருபது என்னும்போது ஒரு தகரத்தை விட்டுவிடுகிறோம். பழஞ்செய்யுளில் 'ஒருபான்' என்று உயிர் நீள்கிறது. 'பஃது' என்று ஆய்தமும் வருகிறது.

ஓர் எண்ணுக்கு ஏன் இத்தனை வடிவம்? பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி இதற்கு ஒரு விடை சொன்னார். ஒங்கோலில் பிறந்து, ஐதராபாத் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த மொழியியல் அறிஞர். மூலத் திராவிட மொழியில், தொண்டையின் அடியில் பிறக்கும் ஹகரம் போன்ற ஓர் ஒலி இருந்தது என்றார். அது அடுத்த தகரத்தோடு கலந்தபோது பத்து. சுவடின்றி விழுந்தபோது பது, பதி. விழும்போது முன்னிருந்த உயிரை நீட்டிவிட்டதால் பான். விழாமல் தங்கிய இடத்தில் பஃது. அது, அஃது என்ற இரட்டை வழக்கும் 'வா' என்ற நெடில் 'வரு' என்று குறுகுவதும் இதே கணக்கில்தான் சேரும் என்பது அவர் கருத்து. அஃறிணையில் வரும் ஆய்தம் வேறு. அல், திணை என்ற இரண்டும் புணர்ந்து பிறந்தது அது.

இல்லாத ஒலியை இருந்ததாகச் சொல்லலாமா? சொல்லலாம். ஐரோப்பாவில் இதற்குப் பெரிய முன்னுதாரணம் உண்டு. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் முதலியவற்றுக்கெல்லாம் தாயான மொழியின் உயிரொலிகளை ஆராய்ந்த சோசூர் என்ற மொழியியல் அறிஞர், சில நெட்டுயிர்கள் பிறவியிலேயே நெடில் அல்ல, குறிலோடு வேறோர் ஒலி சேர்ந்து, அது மறைந்ததால் நீண்டவை என்று 1878 இறுதியில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. அந்த ஒலியை எந்த மொழியிலும் யாரும் கேட்டதில்லை, வெறும் கணக்கு. 1913இல் அவர் இறந்தார். 1915இல் ஹ்ரோஸ்னி என்ற செக் அறிஞர், துருக்கியில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளின் ஹிட்டைட் மொழியைப் படித்துக் காட்டினார். 1927இல் போலந்தின் குரிலோவிச், சோசூர் சொன்ன இடங்களிலேயே அம்மொழியில் ஹகரம் நிற்பதைக் கண்டுபிடித்தார். நெருப்புக்குக் கிரேக்கத்தில் நெடிலோடு 'பூர்', ஹிட்டைட்டில் 'பஹ்ஹுர்'. நம் பட்டாசு ஆலைச் சுவரில் எழுதியிருக்கும் ஃபயர் என்ற ஆங்கிலச் சொல்லும் அந்த வம்சம்தான்.

அவர்களுக்கு மண்ணைத் தோண்டித்தான் சான்று கிடைத்தது. நமக்கோ தொல்காப்பியம் ஆய்தத்தைச் சார்பெழுத்து மூன்றில் ஒன்றாக வைத்துக் காத்துத் தந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனாலும் கிருஷ்ணமூர்த்தியின் கருத்தை எல்லா அறிஞரும் ஏற்றுவிடவில்லை. எழுத்தில்லாத மொழிகளிலும் சான்று தேடவேண்டும். அவரே ஆந்திர மலைகளில் கொண்டா மொழி பேசுவோரிடம் கேட்டு எழுதி, 1969இல் அதன் இலக்கணத்தை வெளியிட்டார்.

பல தலைமுறையாக ஆந்திரத்தை விட்டுத் தள்ளி வாழும் நம் கரிசல் தெலுங்கும் பதிவு செய்யத்தக்கதே. உங்கள் வீட்டுப் பாட்டி ஒன்றிலிருந்து நூறுவரை எப்படி எண்ணுகிறார் என்று கைபேசியில் பிடித்து வையுங்கள். பதினொன்றையும் இருபதையும் நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள்.