கச்சான் காலத்து வீடு



ஆனி, ஆடி மாதங்களில் கல்முனைக் கரையோரத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கச்சான் காற்றைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஏனைய பகுதி நேயர்களுக்காக மட்டும் இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் ஈரத்தையெல்லாம் மழையாகக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. இறங்கும் காற்று நூறு மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் சூடேறும். இவ்வாறு ஈரம் இழந்து, சூடும் ஏறி, சம்மாந்துறை வயல்வெளிகளைக் கடந்து நம் ஊர்களுக்குள் நுழைவதே கச்சான். கடற்காற்றையும் எதிர்த்துத் தள்ளிவிடும் வலிமை அதற்கு உண்டு. அந்நாட்களில் வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. உலகின் பெயர்பெற்ற காற்றுக்களை வரிசைப்படுத்தும் வானிலை நூலார் மட்டக்களப்புக் கரையின் கச்சானையும் அதே பெயரால் குறிப்பிடுகின்றனர். நமக்குக் கிடைத்த புகழ்களில் இதுவும் ஒன்று.

இக்காற்றை வீட்டுக்குள் எவ்வாறு எதிர்கொள்கிறோம் என்பதும், அதற்கு மின்சாரமாக எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பதுமே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது. பின்னர் சில தடவை குறைந்ததும் உண்டு, கூடியதும் உண்டு. ஆயினும் அக்காலத்தில் நிலைபெற்ற ஒரு முறையைக் குடும்பத் தலைவியர் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். மாதத்திற்கு 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஓர் அட்டவணை. அதைத் தாண்டிய வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறோர் உயர்ந்த அட்டவணை. அறுபத்தோராவது அலகு தனக்குரிய விலையை மட்டும் கேட்பதில்லை. தனக்கு முன்னே சென்ற அறுபதின் விலையையும் உயர்த்திவிட்டுப் போகிறது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பழைய வகை மேல்மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாற்று மின்சாரம் கொள்ளும். மூன்று விசிறிகள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால், மாதத்தில் 81 அலகு. விளக்கு, குளிர்சாதனப்பெட்டி, தண்ணீர்ப் பம்பி எதையும் இன்னும் எண்ணவேயில்லை! இப்பொழுது கடைகளில் கிடைக்கும் புதுவகை விசிறிகள் 30 வாற்று அளவில் அதே காற்றைத் தருகின்றன. அவை மூன்றும் அதே நேரம் சுழன்றால் மாதத்திற்கு 32 அலகுதான். விலை கூடுதல் என்பது உண்மை. மூன்றையும் ஒருங்கே மாற்ற இயலாதவர்கள், இரவு முழுவதும் சுழலும் படுக்கையறை விசிறியை முதலில் மாற்றலாம். இன்னொன்று: விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, நம் உடலின் வியர்வையை உலர்த்தி நமக்குக் குளிர்ச்சி தருகிறது, அவ்வளவே. ஆளில்லாத அறையில் சுழலும் விசிறி யாருக்கும் எதுவும் செய்வதில்லை. விளக்கைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 60 வாற்று குமிழின் வேலையை 9 வாற்று எல்.ஈ.டி. விளக்கு செய்துவிடுகிறது என்பதைப் பெரும்பாலோர் கண்டுகொண்டுவிட்டனர்.

ஆனால், விசிறி ஏன் பன்னிரண்டு மணி நேரம் சுழல வேண்டியிருக்கிறது? விடையை அறிய அண்ணாந்து பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் கிடுகு வேய்ந்தனர்; பின்னர் வசதி வந்தவர்கள் ஓடு போட்டனர். ஓட்டுக் கூரையின் இடுக்குகள் வழியே சூடான காற்று மேலெழுந்து வெளியேறிவிடும். அதன் பின் தகரமும் அஸ்பெஸ்டஸ் சீற்றும் வந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இழந்தோம். அதற்குப் பின் எழுந்த வீடுகளில் பழைய கிடுகும் ஓடும் அருகிவிட்டன. சீற்றும் கொங்கிறீற் மேற்றட்டுமே பெருகின. இனியொரு நாள் கடல் வந்தால் ஏறி நிற்க ஒரு தட்டு வேண்டும் என்று எண்ணுவோர் உண்டு. அதை நான் பரிகசிக்கமாட்டேன். அந்நாளைக் கண்ட எவரும் பரிகசிக்கமாட்டார்.

மேற்றட்டுக்கு மற்றுமொரு காரணம் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. இக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்தே மணமுடிக்கிறோம். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்கிறார். மூத்த மகளுக்கு வீடு கட்டும்போதே, இளையவளுக்கு மேல்மாடி என்று கணக்கிட்டுத் தட்டுப் போட்டு, கம்பிகளை வானத்தை நோக்கி நீட்டி விட்டுவிடுகிறோம். இளையவள் வளர்ந்து மணமாகும் வரை, அதாவது பத்து அல்லது பதினைந்து ஆண்டுகள், அத்தட்டு வெறுமையாக வெயிலில் கிடக்கிறது. தகரம் பகலில் சுடும், இரவில் விரைவாக ஆறிவிடும். கொங்கிறீற்றோ பகல் முழுவதும் சூட்டை உண்டு, மாலையில்தான் அதைக் கீழே இறக்கத் தொடங்கும். நள்ளிரவிலும் அறை தணலாக இருப்பதன் இரகசியம் இதுவே. அத்தகைய தட்டின் கீழ் தொங்கும் விசிறி, தட்டின் சூட்டையே வாரி நம்மேல் இறைக்கிறது.

இதற்கு மலிவான பரிகாரம் வெள்ளைச் சுண்ணாம்பு. கருத்துப்போன சீமெந்துப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியை விழுங்குகிறது. வெண்மையான பரப்போ பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நீலமோ சிவப்போ கண்ணுக்கு அழகாக இருக்கலாம். இப்பணிக்கு வெள்ளையே தகுந்தது. சீற்றுக் கூரை உடையவர்கள் சீற்றின் கீழே ஓர் உட்கூரை அமைத்து, அதற்கு மேலுள்ள இடைவெளியில் இருபுறக் குறுஞ்சுவர்களிலும் காற்றுத் துளைகள் வைப்பது நன்று. ஒரு பக்கம் மட்டும் துளைத்தால் போதாது. காற்றுப் புகுவதற்கு ஒரு வழியும் போவதற்கு ஒரு வழியும் வேண்டும். அஸ்பெஸ்டஸ் சீற்றைச் சுரண்டவும் தேய்த்துக் கழுவவும் துளையிடவும் கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிக்கும்.

இனி மதிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளவு மகள்மாருக்குப் பங்கிடப்பட்டுச் சுருங்கச் சுருங்க, வீட்டோடு வீடு நெருங்கிவிட்டது. பெண்கள் தம் வளவுக்குள் தடையின்றி நடமாட மறைப்பு வேண்டும். முன்னர் அம்மறைப்பைத் தந்தது கிடுகு வேலி. அது கண்ணை மறித்தது, காற்றை மறிக்கவில்லை. இன்று அதன் இடத்தில் ஆளுயர மதில் நிற்கிறது. கிழக்கேயிருந்து முற்பகலில் வீசத் தொடங்கும் கடற்காற்று அம்மதிலில் மோதி மேலே எழும்பிக் கூரையைத் தாண்டிப் போய்விடுகிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு கட்டிவிட்டு, காற்றை மின்சாரம் கொடுத்து வாங்குகிறோம்!

மறைப்பும் காற்றும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கெய்ரோ நகரத்துப் பழைய வீடுகளில் யன்னல்களுக்கு மஷ்ரபிய்யா எனப்படும் கடைந்த மரச் சட்டங்களை அமைத்தனர். உள்ளிருப்பவர் தெருவைக் காணலாம். தெருவில் போவோர் உள்ளே காண முடியாது. காற்றோ தாராளமாக வரும். அதனருகே மண்குடங்களை வைத்துக் குடிநீரையும் குளிரவைத்தனர். எகிப்தின் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி (1900–1989) இம்முறைகளை மீண்டும் எடுத்தாண்டு, ஏழைகளுக்கான வீடுகளையும் அவ்வழியில் அமைக்கலாம் என்று வாதாடினார். நமக்கு அண்மையில், கேரளத்தில், லாரி பேக்கர் (1917–2007) செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கியே சல்லடைச் சுவர்களை எழுப்பினார். அதற்கு மரத்தச்சரும் வேண்டியதில்லை, விலைகூடிய பொருளும் வேண்டியதில்லை, கல்லும் மிச்சமாகிறது. கிழக்கு மதிலின் நடுப்பகுதியையேனும் இவ்வாறு கட்டும்படி மேசனிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் அவர் முகம் சுளிக்கக்கூடும்.

மேற்குப் பக்கத்துக்கு நியாயம் வேறு. பிற்பகல் வெயிலும் கச்சானும் அப்பக்கமிருந்தே வருகின்றன. அங்கே பெரிய யன்னல் வைப்பது அடுப்பின் வாயைத் திறந்து வைப்பதற்குச் சமம். வேம்போ பூவரசோ நிற்க இடமிருந்தால் அங்கேதான் நட வேண்டும். தென்னை நமக்கு எல்லாம் தரும். ஆயினும் அதன் நிழல் சுவரில் விழாமல் அடுத்த வளவில் விழும்! கச்சான் வீசும் பகலில் வெளிக்காற்று வீட்டுக்காற்றினும் சூடாக இருப்பதால், மேற்கு யன்னல்களை அடைத்துவிட்டு, பொழுது சாய்ந்து வெளியே ஆறிய பின் எல்லாவற்றையும் திறந்துவிடுதல் வேண்டும். அக்காற்று வறண்டது, ஆகவே காற்றுப்படும் இடத்தில் ஈரத்துணி தொங்கவிட்டால் நல்ல குளிர்ச்சி கிடைக்கும். மாரிகாலத்தில் இதைச் செய்து பயனில்லை. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது துணியின் ஈரம் எங்கே போகும்?

குசினிக்கும் ஒரு வார்த்தை. 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற பின்பு, சிரட்டைக்கும் விறகுக்கும் மீண்டும் மதிப்பு வந்தது. கொதி வந்த பின் தீயைக் குறைத்து மூடி போடுவதும், பருப்பை முன்னரே ஊறவைப்பதும் நம் பாட்டிமார் அறிந்த கலைகள்தாம். இவற்றோடு வைக்கோற் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மரப்பெட்டியில் வைக்கோலையோ தென்னந்தும்பையோ நெருக்கமாக அடைத்து, நடுவே பானைக்குக் குழி செய்துகொள்ளுங்கள். நோன்புக் கஞ்சியை லுஹருக்குப் பின் நன்றாகக் கொதிக்கவைத்து, மூடியோடு அக்குழியில் இறக்கி, மேலே வைக்கோல் தலையணை ஒன்றை வைத்து மூடிவிட்டால், தீயில்லாமலே அரிசி குழையும். மஃரிப் பாங்கு சொல்லும் வேளையில் கஞ்சி சூடாகவே இருக்கும். இறக்கும்போது பானை நிறைந்து, கொதி தணியாமல் இருக்க வேண்டும். இரவு முழுவதும் வைத்து ஸஹருக்கு உண்ணலாம் என்று எண்ணிவிட வேண்டாம். வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்த சோறு கெடும்.

வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பிய நம் இளைஞர் சிலர் முதற் காரியமாகக் குளிரூட்டி வாங்குகின்றனர். அங்கே பழகிய உடல், குறை சொல்வதற்கில்லை. ஆனால், கருத்த மேற்றட்டின் கீழே, கதவுக்கு மேலுள்ள காற்றுத் துளைகளையும் திறந்தபடியே வைத்துவிட்டுக் குளிரூட்டியை ஓட்டுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளுவதாகும். துளைகளை அடைத்து, தட்டை வெள்ளையாக்கி, 26 பாகையில் வைத்து, விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் பட்டியல் பெரிதும் இறங்கும். சிலருக்கு அவ்வளவும் செய்த பின் குளிரூட்டியே தேவைப்படாமற் போகலாம்.

சுண்ணாம்பு பூச ஏற்ற காலம் மாரி ஓய்ந்து, கச்சான் தொடங்குமுன் உள்ள பங்குனி, சித்திரை. தட்டைப் பெருக்கிப் பாசியை அகற்றிக் கழுவிக் காயவிடுங்கள். நீற்றிய சுண்ணாம்பை ஒரு நாள் ஊறவைத்து, துணியில் வடித்து, ஒட்டும் தன்மைக்குச் சிறிது உப்பும் கஞ்சித் தண்ணீரும் சேர்த்து, வெயில் தாழ்ந்த பின் பரப்பைச் சற்று நனைத்து இரண்டு பூச்சுக் கொடுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கெடுதி. கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது. அடுத்த மாரி அதில் ஒரு பகுதியைக் கழுவிக்கொண்டு போகும். மறு பங்குனியில் மீண்டும் பூச வேண்டியிருக்கும்.