பிரேக்கில் மிச்சம் பிடிக்கலாமா?

(வாகனம் வைத்திருப்போர், ஓட்டுநர்கள், மெக்கானிக் சகோதரர்களுக்காக நம் அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. பெரியோர்களே, தாய்மார்களே, வேலையை முடித்துவிட்டு எண்ணெய்க் கையோடு வந்து அமர்ந்திருக்கும் மெக்கானிக் தம்பிமார்களே!

நம் அறக்கட்டளை ஆம்புலன்ஸுக்கு முன் சக்கர பிரேக் பேட் மாற்ற வேண்டிய நேரம் வந்தது. இரண்டு விலை வந்தன. பெயர் தெரியாத சாமான் 600 ரூபாய். பெயர் பெற்ற கம்பெனியின் சாமான் 1,500 ரூபாய். நிர்வாகக் குழுவில் ஒரு சகோதரர் கேட்டார்: "இது மக்கள் தந்த ஸதகா பணம். 900 ரூபாய் இருந்தால் ஒரு வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுக்கலாமே?" நியாயமான கேள்வி. அதற்கு உரிய பதிலை எல்லோர் முன்னிலையிலும் சொல்வதே முறை என்பதால்தான் இந்தக் கூட்டம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நல்ல பேட் ஒரு செட் 30,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 ரூபாயை அதில் வகுத்தால் கிலோமீட்டருக்கு 3 பைசா. மட்டமான பேட் அதில் பாதித் தூரத்திலேயே தேய்ந்துவிட்டால் இரண்டாம் முறை சாமானும் வாங்க வேண்டும், கூலியும் கொடுக்க வேண்டும். அப்போது அந்த 900 ரூபாயில் பெரும்பகுதி மிச்சமே ஆகாது. பேட் மிகவும் கடினமாக இருந்தால் டிஸ்க்கையும் சேர்த்து அரித்துவிடும். டிஸ்க்கின் விலை பேட்டின் விலையைவிட அதிகம்.

இனி உயிர்க் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. நல்ல பிரேக் உள்ள வண்டி, மிதித்த இடத்திலிருந்து சுமார் 20 மீட்டரில் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்த வண்டிக்கு 30 மீட்டர் தேவை. பத்து மீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். நல்ல வண்டி முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில், மற்ற வண்டி இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் மதரஸா விட்டு வரும் ஒரு பிள்ளை சாலையைக் கடந்தால் என்ன ஆகும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

மட்டமான பேட்டில் உள்ள ஆபத்து, சாதாரண நாளில் அது தெரியாது என்பதுதான். தெருவுக்குள் மெதுவாக ஓட்டும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் பிடிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறையின் 40 வளைவுகளிலோ இறங்கும்போதுதான் வித்தியாசம் வெளிப்படும். பேட் என்பது இரும்புத் தகட்டின்மேல் பல பொருள்களைப் பிசினால் சேர்த்து அழுத்தி ஒட்டியது. சூடு எல்லை மீறினால் தரமில்லாத பிசின் உருகி ஆவியாகிறது, பிடிப்பு போய்விடுகிறது. பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். சில சமயம் ஒட்டிய பகுதியே தகட்டைவிட்டுக் கழன்று வந்துவிடும். எந்தப் பேட் போட்டிருந்தாலும் மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் விலை கூடியதுதான் நல்லது என்கிறோமா? இல்லை. கடையில் நான்கு வகைச் சாமான் கிடைக்கிறது. ஒன்று, கார் கம்பெனி தன் பெட்டியில் போட்டு விற்பது. இரண்டு, கார் கம்பெனிகளுக்கே பிரேக் சாமான் செய்து கொடுப்பவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது. நம் சென்னையிலேயே ரானே, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று பல பத்தாண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உண்டு. மூன்று, செய்தவர் பெயரே இல்லாத லோக்கல் சாமான். நான்கு, நல்ல கம்பெனியின் பெயரைத் திருடி அச்சடித்த டூப்ளிகேட்.

இதில் இரண்டாவது வகை பெரும்பாலும் முதல் வகையைவிட விலை குறைவு. நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவே போதும். ஆம்புலன்ஸுக்கு வாங்கியதும் அந்த வகைதான். மூன்றாவதும் நான்காவதும் வேண்டாம். பழைய சாமானே கூடாது என்றும் சொல்லவில்லை. கதவு, கண்ணாடி, பம்பர், சீட் இவற்றைப் புதுப்பேட்டையில் பார்த்து வாங்கி மிச்சம் பிடியுங்கள், அது சிக்கனம். வண்டியை நிறுத்தும் சாமானில் மட்டும் பேரம் பேச வேண்டாம்.

வாங்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். பெட்டியில் பார்ட் நம்பர், செய்தவர் முகவரி, எம்.ஆர்.பி. இருக்கிறதா பாருங்கள். பேட்டின் தகட்டில் உள்ள பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்து மங்கலாக, பிழையாக இருந்தாலோ, ஓரம் பிசிறடித்து வெடிப்பு தெரிந்தாலோ வாங்காதீர்கள். ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். டூப்ளிகேட் விற்பவர் பில் தரத் தயங்குவார். பேட்டை ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். வலது இடது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். புதுப் பேட் போட்ட முதல் 200, 300 கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டுங்கள்.

பிரேக் ஆயிலையும் மறக்கக் கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து பெடல் பஞ்சு போல் உள்ளே போகும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். கீச்சென்ற சத்தம், உரசும் சத்தம், பெடல் ஆழமாக இறங்குவது, ஆயில் அளவு குறைவது இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பளபளக்கும் பெட்டிக்குள் இருக்கும் மட்டமான பேட் அந்த ஈரத் தானியம்தான். வாடிக்கையாளர் மலிவானதையே கேட்டாலும், "இது செய்தவர் பெயர் தெரியாத சாமான்" என்று சொல்லிவிடுவது உங்கள் கடமை.

வண்டி வைத்திருப்பவர்களும் மெக்கானிக்கின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கூலியை அடித்துப் பேசுகிறோம். அவருக்கும் வாடகை இருக்கிறது, வீடு இருக்கிறது. கூலியில் விட்டதைச் சாமானில் எடுக்க வேண்டிய நெருக்கடியை நாமே உண்டாக்குகிறோம். கூலியை முழுதாகக் கொடுங்கள். சாமானை நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுங்கள். மெக்கானிக் தம்பிகளே, பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பெயரில்லாத லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். பல ஆண்டு கழித்தே தெரியவரும். ஈரத் துணியால் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

"எல்லாம் அல்லாஹ் நாடியபடி" என்று சிலர் சொல்வார்கள். உண்மை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படிதான் நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள் என்று திர்மிதியில் காண்கிறோம். பயண துஆ ஓதுவதும் பிரேக்கைப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருகிறோம். ஸதகா பணம் அமானத். அதை வீணாக்குவது குற்றம். அந்தப் பணத்தில் ஓடும் வண்டியில் படுத்திருக்கும் நோயாளியும் அமானத்தே. அரிசிக்கான பணத்தை வண்டிச் செலவின் வேறு இனங்களில் குறைத்துக் கண்டுபிடிப்போம். சீட் கவர் கிழிந்திருந்தால் இந்த வருடம் அப்படியே இருக்கட்டும்.

வாடகைக்கு ஆட்டோ, வேன் ஓட்டும் சகோதரர்களுக்கு 1,500 ரூபாய் ஒரே நாளில் புரட்டுவது கடினம் என்பது நமக்குத் தெரியும். நல்ல சாமானை வேண்டாம் என்று ஒதுக்குபவர்கள் அல்ல அவர்கள். அன்றைய வருமானம் போதாதவர்கள். ஆகவே பிரேக் வேலைக்கு மட்டும் வட்டியில்லாக் கடன் கொடுக்க நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. கடையின் பில்லைக் கொண்டுவந்தால் தொகை கடைக்கே செலுத்தப்படும். சிறு தவணைகளில் திருப்பித் தரலாம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வண்டி சரியாக நிற்பது ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, தெருவில் நடக்கும் அத்தனை பேருக்கும் நன்மை.

வெளியே போன ஒவ்வொருவரையும் பத்திரமாக வீடு திரும்பச் செய்ய அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.