வீடும் விடுதலையும்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'வீடு' என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். இடிக்கப்பட்ட வீட்டையும் பிரிந்துவந்த வீட்டையும் குறித்த கவிதைகள் இவ்வட்டத்தில் பல அரங்கேறியுள்ளன. அவற்றைத் திறனாய்வதே எனக்கு எளிது. எனினும் இன்று வேறொரு நூலைக் கையில் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அதற்கு ஆசிரியர் பெயர் இல்லை, உரையாசிரியரும் இல்லை. ஆயினும் ஒரு வீட்டின் ஊழை முடிவுசெய்யும் நூல் அதுவே. கிரயப் பத்திரத்தைத்தான் சொல்கிறேன்.

முதலில் சொல்லைக் காண்போம். விடு என்னும் வினையடி நீண்டு வீடு என நின்றது. பெறு பேறு ஆனதும் கெடு கேடு ஆனதும் போல இதுவும் முதனிலை திரிந்த தொழிற்பெயராகும். அறம், பொருள், இன்பம் ஆகியவற்றை அடுத்து நான்காவதாக வைக்கப்பட்ட வீடுபேறும், நாம் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வீடும் சொல்லளவில் ஒன்றே. வினையை விட்டு வந்து இளைப்பாறும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்வாரும் உளர்.

இனி, இல், மனை என்னும் பழஞ்சொற்களை நோக்குக. இல்லாள், மனைவி, மனையாள், இல்லத்தரசி எனப் பெண்ணுக்கு வழங்கிய பெயர்கள் பலவும் வீட்டிலிருந்தே பிறந்தவை. இல்லான் என்று ஆண்பாலாக்கினாலோ, ஒன்றும் அற்ற வறியவன் என்று பொருள் மாறிவிடுகிறது. மொழியை மட்டும் கண்டு முடிவு கூறுவோர், தமிழ்நாட்டு வீடுகளெல்லாம் பெண்களுக்கே உரியவை என்று கருதக்கூடும். அவர்கள் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு ஒருமுறை சென்றுவர வேண்டும்.

நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை வகுத்த முறையை விரித்துரைக்கிறார். நிழல் எப்பக்கமும் சாயாத நடுப்பகலில் திசை தேர்ந்து, நூலிட்டு அளந்து, தெய்வம் வாழ்த்தி மனை வகுக்கிறார்கள். யானை கொடியோடு புகும் அளவுக்கு வாயில் உயர்கிறது. நிலையும் கதவும் தாழும் வருணிக்கப்படுகின்றன. அத்துணை நுட்பமாகக் கட்டிய மனையின் உள்ளேதான் தலைவனைப் பிரிந்த அரசி உறக்கமின்றிக் கிடக்கிறாள். அளந்தவர் வேறு, அதனுள் இருப்பவள் வேறு. இன்றைய பத்திரத்திலும் இந்த இடைவெளி அப்படியே இருக்கிறது.

பத்திரத்தின் நடையைச் சற்றுக் கவனியுங்கள். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கெல்லை சொல்லப்படும். அடிக்கணக்கும் சதுர அடிக் கணக்கும் வரும். மாவடை மரவடை, கிணறு, வழிநடைப் பாத்தியம் எல்லாம் வரும். இறுதியில், வாங்குபவர் 'சர்வ சுதந்திர பாத்தியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டும் என்று முடியும். புத்திரர் என்றால் மகன். பௌத்திரர் என்றால் மகன் வழிப் பேரன். மகளுக்கு அவ்வாக்கியத்தில் இடமில்லை. வாங்குபவர் பெண்ணாகவே இருந்தாலும் எழுத்தர் இத்தொடரை மாற்றுவதில்லை.

அப்பத்திரத்தில் இல்லாத இன்னொன்றும் உண்டு. அதுதான் வீடு. பழைய வீடொன்று விலைக்கு வரும்போது, விலை பெரும்பாலும் மனைக்கே பேசப்படுகிறது. தேக்கு உத்திரம், கடைந்த தூண், முற்றம், தாழ்வாரம் ஆகியன விலைப்பேச்சில் கணக்கில் வாரா. சில நேரங்களில், இடிக்கும் செலவு என்று கழிவாகவும் வரும். வீடு இல்லாத வெற்றுமனைக்கு, வீடுள்ள மனையைவிட விலை கூடுதலாக இருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இச்சந்தை ஒருநாளில் தோன்றியதன்று. தலைமுறையாகக் கைமாறிய வீடு விற்பனைப் பொருளானதற்குப் படிகள் பல. நகரங்களுக்குக் குடிபெயர்ந்த நடுத்தர மக்களுக்காக 1961இல் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் உருவாயிற்று. 1970இல் ஹட்கோவும், 1977இல் எச்.டி.எஃப்.சி.யும் தோன்றின. கடன்பெற்று வீடு கட்டலாம் என்னும் துணிவு மாதச் சம்பளக்காரர்களுக்கு வந்தது. 1988இல் வெளிவந்த பாலு மகேந்திராவின் 'வீடு' திரைப்படம் அத்துணிவின் கதை. வேலைக்குச் செல்லும் ஒரு பெண் சென்னையில் சிறு வீடொன்று கட்ட முனைந்து, ஒப்பந்தக்காரரிடமும் ஆவணங்களிடமும் படும் பாடு அதில் உண்டு. 1994இல் அடுக்ககங்களுக்கெனத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 'பிரிபடாத பாகம்' என்னும் புதுத்தொடர் நம் வழக்கில் புகுந்தது. நிலத்தில் பங்கு உண்டு, ஆனால் கால்வைத்து இது என்னுடையது என்று காட்ட இயலாது. நம் கவிஞர்கள் இத்தொடரை எப்படியோ தவறவிட்டுவிட்டார்கள்.

2016ஆம் ஆண்டின் நிலமனைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம், புதுவீடு வாங்குவோர்க்குச் சில காப்புகளைத் தந்தது. சுவர்களுக்கு உட்பட்ட பரப்பைக் கணக்கிட்டே விற்க வேண்டும். கட்டடத்தில் குறை தோன்றினால் ஐந்தாண்டு வரை கட்டியவரே செலவின்றிச் சீர்செய்து தர வேண்டும். பழைய வீட்டை வாங்கிப் புதுக்குவோர்க்கு இக்காப்பு எட்டாது. அவர்களுக்குத் துணை இரண்டே: வழக்கறிஞரின் கண்ணும், கொத்தனாரின் கையும்.

மூன்றாண்டுகளுக்கு முன் நானும் என் கணவரும் காவிரிக் கரை ஊரொன்றில் அத்தகைய வீட்டை வாங்கினோம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என நீளும் வீடு. கட்டியவர் 1971இல் உயில் எழுதாமல் காலமானார். மனைவியும் மறைந்தபின், மகன்கள் இருவர், மகள்கள் மூவர். மகன்கள் வெளியூரில் இருந்தனர். கணவரை இழந்த மூத்த மகள் இரண்டாங்கட்டில் தனியே வாழ்ந்துவந்தார். எழுபதைக் கடந்தவர், அவ்வீட்டை முப்பதாண்டுகளாகப் பெருக்கிக் கோலமிட்டுக் காத்தவர் அவரே.

விற்பனைக்கு வந்தபோது, மகள்கள் மூவரும் தம் பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்து முதலில் ஒரு பத்திரம் எழுதித் தருவதாகவும், பின்னர்ச் சகோதரர் இருவரும் எங்களுக்குக் கிரயம் செய்வதாகவும் ஏற்பாடு. அப்பத்திரத்தின் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம்.

தமிழாசிரியர் என்ற முறையில் அப்பெயரைக் கேட்டு நான் திகைத்தேன். வீடு என்றாலே விடுதலை என்று வகுப்பறையில் எத்தனை ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன்! ஒரு பெண் தன் வீட்டை இழப்பதற்கு எழுதும் தாளுக்கு அதே பெயர். அரசுக்கும் இவ்விடுதலையில் பரிவு உண்டு. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் செலுத்த வேண்டும். குடும்பத்தாருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கோ முத்திரைத் தீர்வை 1 சதவீதமே. அதற்கும் உச்சவரம்பு உண்டு.

சகோதரர்கள் தீயவர்கள் அல்லர். 'கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம், அக்காவைத் தெருவில் விட்டுவிடுவோமா' என்றனர். தமிழ்நாட்டில் இது நேர்மையானவர்களும் சொல்லும் சொல். சீர் என்பது அன்பின் பாற்படும். பங்கு என்பது உரிமையின் பாற்படும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை ஈடுகட்டியதாகக் கொள்வதே நம் வழக்கத்தின் பிழை.

சட்டம் இங்கே நடந்துவந்த வழியைச் சுருக்கிச் சொல்கிறேன். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயிலின்றி மறைந்த தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு தந்தது. தந்த கையோடு, 23ஆம் பிரிவில் குடியிருப்பு வீட்டை மட்டும் தனித்து வைத்தது. குடும்பத்தார் முழுமையாகக் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை பெண் வாரிசு பாகப்பிரிவினை கேட்க இயலாது. மணமாகாத மகள், கணவனால் கைவிடப்பட்டவள், பிரிந்து வாழ்பவள், கைம்பெண் ஆகியோர்க்கே அங்குக் குடியிருக்கும் உரிமை. நிலத்தைக் கேட்கலாம், கடையைக் கேட்கலாம். பிறந்த வீட்டைக் கேட்கலாகாது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று தமிழகம் 1989 மார்ச் 25 முதல் திருத்தம் கொண்டுவந்தபோது, அந்நாளுக்கு முன் மணமானவர்கள் விலக்கப்பட்டனர். 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தமே அவ்விலக்கை நீக்கியது. 23ஆம் பிரிவையும் அகற்றியது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்சநீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது.

ஆகவே அந்த மூத்த மகளின் ஐந்தில் ஒரு பங்கு யாரும் தரவேண்டிய கொடை அன்று. ஐவரும் சேர்ந்து எங்களுக்குக் கிரயம் எழுத வேண்டும், தொகை ஐந்தாகப் பிரிந்து ஐவர் பெயரிலும் தனித்தனி வரைவோலையாகச் செல்ல வேண்டும் என்றோம். பேச்சு நான்கு மாதம் இழுத்தது. இடைத்தரகர் எங்களைச் சந்தை தெரியாதவர்கள் என்றார். ஒருகட்டத்தில் வீடு கைநழுவிவிடும் என்றே எண்ணினோம். பின்னர் எப்படியோ இசைந்தார்கள். எங்கள் அறிவுரையைவிட, பின்னாளில் வழக்கு வருமோ என்னும் அச்சமே அவர்களை இசைவித்தது என்று கருதுகிறேன். அச்சத்தால் விளைந்தாலும் நீதி நீதியே.

பதிவு நாளன்று அந்த அம்மையார் கையெழுத்திட்டுவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, இன்னிக்கு ராத்திரி நான் அங்க படுத்துக்கலாமா?"

ஐந்து இலட்சம் சொற்கள் எழுதினாலும் என்னால் அக்கேள்விக்கு உரை எழுத முடியாது. தமக்கென ஓரிடம் ஏற்பாடாகும் வரை, ஏழு மாதம், அவர் அங்கேயே இருந்தார். அதனால் நன்மை எங்களுக்கே. அவ்வீட்டின் உள்நூல் அவர் ஒருவருக்கே தெரிந்திருந்தது. ஐப்பசி மழையில் எந்த மூலையில் நீர் கசியும், எந்த ஓட்டுவரிசையின் கீழ்க் கைமரம் உளுத்திருக்கிறது, கிணற்றில் கோடையில் எத்தனை உறை தெரியும் என்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பொறியாளரின் அறிக்கையில் அவற்றில் பாதி இல்லை.

புதுக்கும் பணிக்கு வந்த முதிய கொத்தனார், கூடத்துச் சுவரில் பின்னாளில் பூசப்பட்டிருந்த சிமெண்டைத் தட்டிப் பார்த்து, முழுவதையும் கொத்தி எடுக்கச் சொன்னார். சுண்ணாம்புக் காரையால் எழுந்த சுவர், ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லையே பொடியாக்கிவிடும். வெளியே வழவழப்பாகத் தோன்றும். உள்ளே சுவர் கரைந்துகொண்டிருக்கும். சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் கலந்து, அவர் பூச்சு வேலையைத் தொடங்கினார். செலவும் நாளும் கூடின. அவ்வேலை அறிந்த கைகள் அவ்வட்டாரத்தில் சிலவே என்றும், தம் மக்கள் எவரும் அதைக் கற்கவில்லை என்றும் அவர் சொன்னார்.

கவிஞர் பெருமக்களே, இங்கேதான் உங்களிடம் என் விண்ணப்பம். ரேழியும் தாழ்வாரமும் கைமரமும் காரையும் அகராதியில் மட்டும் வாழ்ந்தால் போதாது. ஆண்டுதோறும் நம் உறுப்பினர் எவரேனும் தம் ஊர் வீட்டை விற்கிறார். விற்பது குற்றமன்று; பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் வேறு வழி இல்லாமலும் விற்கிறோம். விற்ற பின்பு அதைப் பற்றிக் கவிதை எழுதுகிறோம். கவிதைக்கு முன்னே செய்யத்தக்கவை மூன்று உண்டு என்பதே நான் சொல்ல வந்தது.

ஒன்று, விற்கும் முன்னர் வீட்டின் உறுப்புகளை அவ்வூர்ச் சொற்களாலேயே எழுதிவைப்பது. அப்பட்டியல்களைத் திரட்டிக் கட்டடக் கலைச்சொல் தொகுப்பொன்றை இவ்வட்டம் வெளியிடலாம். இரண்டு, வாங்குபவராயின், இடிக்கும் முன்னே அவ்வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவரையும் ஒரு முதிய கொத்தனாரையும் கலந்து கேட்பது. மூன்றாவது, நம் வீட்டுப் பெண்கள் விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிடும் முன், அது என்ன பத்திரம், தம் பங்கு எவ்வளவு என்பதை அவர்களுக்குத் தமிழில் படித்துக் காட்டுவது. அறிந்து விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை. அறியாமல் விட்டுக்கொடுக்கச் செய்வதற்கு நம் மொழியில் வேறு பெயர் உண்டு.

எங்கள் பத்திரத்தில் 'புத்திர பௌத்திர' என்னுமிடத்தில் 'மக்களும் மக்களின் மக்களும்' என்று எழுதுமாறு கேட்டேன். பத்திர எழுத்தர் சற்றுத் தயங்கிவிட்டு, 'இப்படியும் எழுதலாம், தப்பில்லை' என்றார். இத்தனை எளிதாய் மாறக்கூடிய ஒரு தொடரை இத்தனை ஆண்டுகள் யாரும் மாற்றாதிருந்தது ஏன் என்று தமிழ் கற்பிக்கும் நாமெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.