பூனைக்கும் சீனி வருத்தம் வரும்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மிருக வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் மாடு, ஆடு பற்றித்தான் பேசுவாள் என்று நினைத்திருப்பீர்கள். முள்ளியவளையில் அதுதான் நியாயமும். ஆனால் பழைய மாணவிகளிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி பூனையைப் பற்றியவை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஊரில் பூனையோடு தனியே இருக்கும் அம்மாமாரும் கேட்கிறார்கள்.

பூனைக்குச் சீனி வருத்தமா என்று சிரிக்க வேண்டாம். பூனைக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் எங்களுடைய இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது. இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதற்கு மசியாது. போகப்போகச் சதையியும் களைத்துவிடும். நடுவயது தாண்டிய, நலமடித்த, வீட்டுக்குள்ளேயே படுத்துக் கொழுத்த கடுவன்களுக்குத்தான் கூடுதலாக வரும்.

முதல் அடையாளம் தண்ணீர். பூனை இயல்பாகவே குறைவாகக் குடிக்கிற பிராணி. ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் குடித்தால், அதாவது நாலு கிலோப் பூனை 400 மில்லிலீற்றரைத் தாண்டினால், ஏதோ வருத்தம் இருக்கிறது. வெளிநாட்டில் மண்தட்டு வைத்திருப்பவர்களுக்குச் சலம் கூடுவது உடனே தெரியும்; மண் பெரிய கட்டிகளாகத் திரளும். ஊர்ப்பூனை வளவுக்குள் எங்கேயோ போய்விட்டு வரும். அதனால் அது எங்கே, எத்தனை தரம் குடிக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். சலம் பட்ட இடத்தில் எறும்பு மொய்த்தாலும் கவனியுங்கள்.

அடுத்தது, நன்றாகத் தின்றும் மெலிவது. முதுகெலும்பைத் தடவினால் கைக்குத் தெரியும். சில பூனைகள் பின்காலின் குதி நிலத்தில் படும்படி நடக்கத் தொடங்கும். பூனை விரல்களில் நடக்கிற சாதி. குதி பதிகிறதென்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

போன வருடம் ஒரு அம்மா பூனையை உரப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று மாதமாக அது கிணற்றடியை விட்டு விலகவில்லையாம். "வெக்கைக்குக் குடிக்குது எண்டு நினைச்சன் பிள்ளை" என்றார். அவருக்கே பத்து வருடமாகச் சீனி. தன் தாகத்தை அறிந்த மனுசி, பூனையின் தாகத்தை வெயிலின் கணக்கில் போட்டுவிட்டார். வந்தபோது அது சாப்பாட்டை விட்டு, சத்தி எடுத்து, கீற்றோன் ஏறிக் கிடந்தது. காப்பாற்ற முடியவில்லை.

நேரத்தோடு வந்திருந்தால் கதை வேறு. ஆரம்பத்திலேயே இன்சுலின் தொடங்கி, மாப்பொருள் குறைந்த சாப்பாடும் கொடுத்தால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாமல் போகிறது. சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். ஆனால் இன்சுலின் போடும் பூனையின் சாப்பாட்டை வைத்தியரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். சீனி திடீரென்று இறங்கிவிடும்.

ஒரு துளி இரத்தத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. பயந்த பூனைக்குச் சீனி தானாகவே ஏறும். சலத்திலும் சீனி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வசதி உள்ள இடத்தில் புறுக்டோசமீன் பரிசோதனையும் செய்யலாம். சிறுநீரக வருத்தத்திலும் தைரொயிட் கூடினாலும் பூனை நிறையத் தண்ணீர் குடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டில் கிடக்கும் மெட்போமின் குளிசையை நுள்ளிக் கொடுக்க வேண்டாம். அது சத்தி எடுக்க வைக்கும், சாப்பாட்டையும் நிறுத்தும்.

ரொறன்ரோ அக்காமாருக்கு ஒரு சின்னப் பெருமை: இன்சுலினை 1921இல் உங்கள் நகரத்தில், நாய்களில் பரிசோதித்துத்தான் கண்டுபிடித்தார்கள். 1922 தை மாதத்தில் ஒரு 14 வயதுப் பொடியனுக்கு அதை முதன்முதலாக ஏற்றினார்கள்.

உங்கள் பூனை ஏற்கெனவே ஊசியில் இருந்தால் சிரிஞ்சைப் பாருங்கள். மிருகங்களுக்கான இன்சுலின் சிலவற்றில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு. மனிதருக்கானதில் பொதுவாக 100 அலகு. சிரிஞ்சு மாறினால் மருந்து இரண்டரை மடங்கு கூடும், அல்லது அந்தளவுக்குக் குறையும். சந்தேகமுள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் போத்தலின் படத்தை எனக்குக் காட்டுங்கள்.