பிரிந்தும் பாடிய குரல்



'ஹெவி மெட்டல்' என்னும் மேனாட்டு இசை என் செவிக்கு இன்றும் சற்று முரடுதான். ஆயினும், அதில் புகழ்பெற்ற ஆங்கிலப் பாடகர் புரூஸ் டிக்கின்சனின் வாழ்க்கை என் கருத்தைக் கவர்ந்தது.

1979-இல் 'சாம்சன்' குழுவில் சேர்ந்த அவர், 1981-இல் அதை விட்டு 'அயர்ன் மெய்டன்' குழுவுக்குச் சென்றார். மறு ஆண்டே அக்குழுவின் இசைத்தட்டு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. பழைய தோழர்களைப் புகழுக்காகக் கைவிட்டாரோ? எனக்கும் அவ்வையம் எழுந்தது. ஆனால், 1993-இல் அந்தப் பெரும்புகழ்க் குழுவையும் துறந்து, தனித்துப் பாடினாரே! 1999-இல் மீண்டும் அதிற் சேர்ந்தார்.

பின்னர் நாவிலே புற்றுநோய்! பாடகருக்கு இதனினும் கொடிது உண்டோ? சிகிச்சை பெற்று 2015-இல் தேறினார். 2016-இல் குழுவினரை ஏற்றிய ஜம்போ விமானத்தைத் தாமே ஓட்டிச் சென்று, மேடையேறிப் பாடினார்.