வாடகை வீடும் வளர்ப்பு நாயும்

தருமபுத்திரரின் இறுதிப் பயணக் கதையை மாணவர்கள் கேட்டிருப்பீர்கள். தேருடன் வந்த இந்திரன், நாயுடன் வருவோர்க்கு வானுலகில் இடமில்லை என்றான். நம்பி வந்த உயிரைக் கைவிட்டுப் பெறும் சொர்க்கம் வேண்டாம் என்றார் தருமர். இக்கதையைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொன்ன நான், ஓய்வு பெற்றபின் வீடு தேடிச் சென்னைக்கு வந்தபோதுதான் இந்திரனை நேரில் கண்டேன். ஒருவரையல்ல, பதினொரு பேரை!

நானும் என் மனைவியும், மணி என்னும் ஒன்பது வயது நாட்டு நாயும். இதுவே எங்கள் குடும்பம். வாடகை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் பேசி முடித்து, "ஒரு நாய் உண்டு" என்றவுடன் வீட்டுக்காரர் முகம் மாறிவிடும். தரகர் ஒருவர் எனக்கு வழி சொன்னார்: "முன்பணம் கொடுக்கும்வரை நாயைப் பற்றி வாய் திறவாதீர்கள், ஐயா." வெட்கத்துடன் சொல்கிறேன், நானும் அவ்வாறே செய்தேன். நங்கநல்லூரில் சாமான்கள் இறங்கும்போது மணி குரைத்தது. வீட்டுக்காரர் முன்பணத்தை எண்ணித் திருப்பித் தந்தார். "முன்பே சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். மறைத்தவரை எப்படி நம்புவது?" என்றார். வாய்மையைப் பற்றி முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவனிடம் மறுமொழி இல்லை.

அத்தெருவிலேயே, காலி செய்யப்பட்ட ஒரு வீட்டின் வாயிலில், கழுத்துப் பட்டையுடன் ஒரு நாய் படுத்திருந்தது. குடியிருந்தோர் விட்டுச் சென்றது என்றார்கள். எந்த வண்டி வந்தாலும் அது எழுந்து நிற்கும், பிறகு படுத்துக்கொள்ளும். அன்றிரவு எங்கள் இருவருக்கும் உறக்கம் வரவில்லை.

வளர்த்த விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அச்சட்டம் பிறக்கக் காரணமானவர் நம் சென்னையில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1953இல் மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த மசோதாவே அதற்கு முன்னோடி. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அவ்வாரியம் 2015இல் விடுத்த நெறிமுறைகளின்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு விலங்குகளுக்குத் தடை விதிக்க இயலாது. மின்தூக்கியில் ஏறக்கூடாது எனவும் சொல்லலாகாது. ஆனால் இது சங்கங்களுக்குச் சொன்னது. தம் வீட்டை யாருக்கு விடுவது என்னும் வீட்டுக்காரரின் விருப்பத்தை இது கட்டுப்படுத்தாது. நெறிமுறையைக் காட்டி வீட்டுக்காரரிடம் வாதிடுவோர் வாதத்தில் வெல்லலாம், வீடு கிடைக்காது.

வீட்டுக்காரர்களின் அச்சமும் வெறும் பிடிவாதமன்று. ஒருவருடைய பேத்தியை நாய் கடித்திருந்தது. இன்னொருவர் வீட்டில், முன்பு இருந்தவரின் நாய் கதவைப் பிறாண்டியே பாழாக்கியிருந்தது.

ஆகவே வழியை மாற்றினோம். மணியை வேப்பேரிக் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுச் சான்று பெற்றோம். மாநகராட்சி உரிமமும் வாங்கினோம். மடிப்பாக்கத்தில் முதிய அம்மையார் ஒருவரிடம், வாடகையைக் கேட்பதற்கு முன்பே நாயைப் பற்றிச் சொன்னேன். "கடிக்குமா?" என்றார். "இதுவரை இல்லை, தாங்களே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அம்மா" என்றேன். மறுநாள் மணியை அழைத்துப் போனோம். அவர் திண்ணையில் அமர்ந்து ஒரு மணி நேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தார். மணியோ அவர் காலடியில் உறங்கிவிட்டது!

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அம்மையார் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். வடகம் காயும் மொட்டை மாடிக்கு நாய் வரலாகாது. தெருவில் வாரின்றி விடலாகாது. அது அசுத்தம் செய்தால் நாங்களே அகற்ற வேண்டும். காலி செய்யும் நாளில் கதவுகளுக்கு வண்ணம் பூசித் தரவேண்டும் என்பது நான் சேர்த்த விதி. பின்கட்டுக் கதவில் இப்போதே இரண்டு கீறல்கள் விழுந்திருக்கின்றன. அம்மையாரிடம் அன்றே காட்டிவிட்டேன்.